செல் ஏற்றியாகிவிட்டது, இனி நன்றாகச் சாப்பிடலாமே?

ஸ்டெம் செல் மாற்று என்றதும் பலருக்கு ஆபரேஷன் தியேட்டர்தான் நினைவுக்கு வருகிறது. நோயாளியின் உடலில் கத்தியே படுவதில்லை. கழுத்திலோ மார்பிலோ போட்ட குழாய் வழியாக, ரத்தம் ஏற்றுவதுபோல, படுக்கையிலேயே செல்களை ஏற்றிவிடுகிறார்கள். உறையவைத்த செல்கள் என்றால், கெடாமலிருக்கச் சேர்த்த வேதிப்பொருளால் அறையில் ஓரிரு நாள் பூண்டு வாடை நிற்கும். கூட இருப்பவர்கள் 'இவ்வளவுதானா!' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். இந்தச் சிகிச்சை மும்பை டாடா மெமோரியலில் 1983-லும் வேலூர் சி.எம்.சி.யில் 1986-லும் தொடங்கியது. ஆனாலும் வீடு திரும்பியவர் ஏன் தட்டைத் தள்ளிவைக்கிறார், ஏன் படுத்தே கிடக்கிறார் என்பது இன்னும் பல வீடுகளில் விளங்காமலே இருக்கிறது.

நம்பிக்கை: சாப்பிடாதது வீம்பு

செல்களை ஏற்றுவதற்கு முன் கொடுக்கும் கடுமையான கீமோதான் உடலைப் புரட்டிப்போடுகிறது. வாயிலிருந்து ஆசனவாய் வரையுள்ள உள்தோல் ஓயாமல் புதுப்பித்துக்கொள்ளும் திசு என்பதால் கீமோ அதையும் உரித்துவிடுகிறது. செல் ஏறிய ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் வாய்ப்புண் தொடங்கிவிடும். இரண்டாவது வாரத்தில் எச்சில் விழுங்கவே மார்ஃபின் தேவைப்படுகிறவர்கள் உண்டு. வெள்ளையணுக்கள் ஏறத் தொடங்கியதும் புண் ஆறும். நாக்கில் ருசி திரும்ப மாதக்கணக்கும் ஆகலாம். அதுவரை 'ஒரு வாய், ஒரே ஒரு வாய்' என்று கெஞ்சுவதும் கோபிப்பதும் அவரை மேலும் நோகடிக்கும்.

மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து ஏறும்போது ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டால் அங்கே ரத்தக்குழாய்கள் சுருங்கி, மருந்து குறைவாகப் போய்ச் சேரும், புண்ணும் குறையும். 'ஐஸ் வேண்டாம், சளி பிடிக்கும்' என்று யாராவது தடுத்தால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

நம்பிக்கை: வயிற்றுப்போக்கு கீமோ சூடு, மாதுளம் தோல் கஷாயம் போதும்

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். தொடக்க வாரங்களில் வயிற்றால் போவதற்குக் கீமோ காரணமாக இருக்கலாம். அதற்குப் பிறகு போனால் கிருமித் தொற்றாக இருக்கலாம், சி.எம்.வி. வைரஸாக இருக்கலாம். மெக்னீசியம் மாத்திரைகூடக் காரணமாகலாம். பிறரிடமிருந்து செல் பெற்றவர் என்றால், புதிய செல்கள் குடலையே அந்நியமாகக் கருதித் தாக்கும் ஜி.வி.எச்.டி.யாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து எது எது என்று பிரித்தறிய முடியாது. மலப் பரிசோதனை, சில வேளை குடலில் குழாய் விட்டு எடுக்கும் திசுப் பரிசோதனை வரை போக வேண்டியிருக்கும்.

வார்டில் நர்ஸ் அளவுக்கோடு போட்ட பாத்திரத்தில் மலத்தை அளப்பதைப் பார்த்து நோயாளி கூனிக் குறுகிப்போவார். அந்த அளவை வைத்துத்தான் சிகிச்சையே தீர்மானமாகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 500 மில்லியைத் தாண்டினால் குடல் ஜி.வி.எச்.டி.யின் முதல் படி. 1,500-ஐத் தாண்டினால் மூன்றாவது படி. வீட்டிலும் வெட்கப்படாமல் அளந்து சொல்லுங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கேட்காமல் போட்டுக்கொண்டால், கிருமித் தொற்று இருக்கும்போது நிலைமை மோசமாகலாம். கஷாயத்தில் இருப்பது, எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளின் ரத்த அளவைக் கூட்டலாம், குறைக்கலாம்.

நம்பிக்கை: காய், பழம் கண்ணிலேயே காட்டக் கூடாது

கிருமி பயத்தில் பல காலம் கடுமையான பத்தியம் சொல்லப்பட்டது. இத்தாலியில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியான ஆய்வில், சுத்தமாகத் தயாரித்த சாதாரண உணவு சாப்பிட்டவர்களுக்கு அதனால் தொற்று அதிகமாகவில்லை. கழுவித் தோல் உரித்த பழத்தைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். ரோட்டுக்கடைச் சட்னி, காய்ச்சாத பால் வேண்டாம். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் சாப்பிடுகிறவர்களுக்குப் பம்பளிமாஸும் ஆகாது.

நம்பிக்கை: ஆறு மாதம் அசையாமல் ஓய்வு

படுத்தே கிடந்தால் தசை கரையும். ஸ்டீராய்டும் சேர்ந்தால் தொடைதான் முதலில் தளரும். தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாது. அவருக்கு இந்திய முறைக் கழிவறை பெரும் சோதனை. ஒரு கைப்பிடியும் குளிக்க ஒரு ஸ்டூலும் வாங்கிப் போடுங்கள். டாக்டர் அனுமதித்தால், வராந்தாவில் ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம் என நடை தொடங்கட்டும்.

வயிறும் அன்றாடமும் ஒன்றையொன்று இழுக்கும். பஸ்ஸில் அவசரம் வந்துவிடுமோ என்று பயந்து, செக்கப்புக்குப் போகும் நாளில் பட்டினியாகக் கிளம்புகிறவர்கள் பலர். போய்ச் சேரும்போது தலைசுற்றல். அந்தப் பயத்தையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதுவும் ஓர் அறிகுறிதான். எத்தனை தடவை, எவ்வளவு, என்ன நிறம், என்ன சாப்பிட்டார், எவ்வளவு தூரம் நடந்தார் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, போட்ட மாத்திரை வாந்தியில் வந்துவிட்டாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் மருத்துவமனைக்கு உடனே போன் செய்யுங்கள்.