இரவு 10 மணி மெயிலை யார் படிக்கிறார்கள்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையர்கள் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும். காலை 9 மணிக்கு ஆபீஸ் போனால் வீடு திரும்ப இரவு 8.30 ஆகிறது. அதற்குப் பிறகும் மெயில் வந்தபடியே இருக்கும்; மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பதில் போடுகிறேன். ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிறும் ஆபீஸ்தான். இவ்வளவு செய்தும் போன மாதம் லேப் டிப் (சாய நிற மாதிரி) பற்றிய பையரின் கமெண்ட் ஒன்றைச் சரியாகக் கவனிக்காமல், ஒரு லாட் துணிக்குச் சாயம் தப்பாகப் போய்விட்டது. “இன்னும் பொறுப்பா இருக்கணும்மா” என்கிறார் முதலாளி. வீட்டுக்காரர் வேலையையே விடச் சொல்கிறார். எனக்கு இந்த வேலை பிடிக்கும். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, அவிநாசி

பதில்: வேலையை விடாதீர்கள், அம்மா. உங்களிடம் பொறுப்புக்குக் குறைவில்லை. அதை எந்த நேரத்தில் செலவழிக்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஜெர்மனியில் காலை 9 மணி என்றால், அவர்களின் கோடைகாலத்தில் நமக்குப் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. அங்கே மாலை 5 மணிக்கு ஆபீஸ் முடியும்போது இங்கே இரவு 8.30 அல்லது 9.30. அதற்கு மேல் நீங்கள் அனுப்பும் பதில், பெரும்பாலும் மறுநாள் நம் மதியம் வரை திறக்கப்படாமலே கிடக்கும். இரவு 10 மணிக்கு அனுப்பினாலும் மறுநாள் காலை 11 மணிக்கு அனுப்பினாலும் பையர் படிப்பது ஒரே நேரத்தில்தான். அமெரிக்க பையர் என்றால் கணக்கு வேறு. நியூயார்க்கில் வேலை தொடங்கவே நமக்கு மாலை 6.30 அல்லது 7.30 ஆகிவிடும். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

ஆக, காலை 9 மணி முதல் 12.30 வரை ஐரோப்பாவிலிருந்து உங்களை யாரும் கூப்பிடப்போவதில்லை. நாளின் மிகச் சிறந்த நேரம் அது. அது எப்படிப் போகிறது? சாயப்பட்டறையிலிருந்து போன் வரும், கட்டிங் மாஸ்டர் மேஜைக்கே வந்து நிற்பார், வாட்ஸ்அப் குரூப்பில் லேபிள் வரவில்லை என்று யாராவது போடுவார்கள். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். லேப் டிப் கமெண்ட் தவறுவது இப்படித்தான். “பி ஆப்ஷன் ஓகே, பல்க்கில் சிவப்பைக் கொஞ்சம் குறைக்கவும்” என்று பையர் எழுதியிருப்பார். சோறு ஊட்டிக்கொண்டே படிக்கும் கண்ணுக்கு “பி ஓகே” மட்டும்தான் தெரியும். சாயப்பட்டறைக்கு வேண்டியதோ பின்பாதி.

அதனால் காலை 9.30 முதல் 11 வரை அப்ரூவல் வேலை மட்டும் செய்யுங்கள். லேப் டிப், அளவுப் பட்டியல், டிரிம் கார்டு (பட்டன், லேபிள் போன்றவற்றின் மாதிரி அட்டை), இவை போதும். குரூப்பை மியூட்டில் போடுங்கள். உண்மையான அவசரம் என்றால் மெசேஜ் வேண்டாம், போன் பண்ணுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். அப்படி எத்தனை போன் வருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். ஒவ்வொரு கமெண்ட்டையும் உங்கள் சொற்களில் முழுதாக எழுதிய பிறகே சாயப்பட்டறைக்கு அனுப்புங்கள். 11 மணிக்கு எழுந்து கட்டிங், செக்கிங், பேக்கிங் எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம். மதியத்துக்கு மேல் பையர் மெயில். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆபீஸ் மெயிலின் நோட்டிஃபிகேஷனை நிறுத்திவிடுங்கள்.

ஞாயிறு பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் பதிவுகளை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஜான் பென்கவல் 2014இல் ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி நேரம் வரை, நேரம் கூடக்கூட உற்பத்தியும் அதே அளவில் கூடியது. அதைத் தாண்டியதும் மணிக்கு மணி பலன் இறங்கியது. 70 மணி நேரம் உழைத்தவர்களின் வார உற்பத்தி, 56 மணி நேரம் உழைத்தவர்களுடையதைவிட அதிகம் என்று சொல்லும்படி இல்லை. வார ஓய்வு நாள் இல்லாவிட்டால் உற்பத்தி அடிவாங்கியதையும் அவர் கண்டார். உங்கள் வாரம் ஏற்கெனவே 60 மணி நேரத்தைத் தாண்டுகிறது. ஞாயிறு போய் நீங்கள் முடிக்கும் வேலையில் பாதி, புதன்கிழமைக் களைப்பில் செய்த தவறுகளைச் சரிசெய்வதாகவே இருக்கும்.

பழக்கத்தை மாற்றினால் எல்லாம் தீரும் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவர் பார்க்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு ஸ்டைல்களை உங்கள் தலையில் கட்டியிருந்தால் காலை நேரத்தை எப்படிக் காத்தாலும் போதாது. ஆள் போட வேண்டியது முதலாளியின் வேலை. அவரிடம் பேசுவதற்கு முன், இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: இரவு 8.30க்கு மேல் வந்த மெயில்களில் அன்றிரவே பதில் போட்டே ஆக வேண்டியவை எவை, மறுநாள் காலை வரை காத்திருக்கக்கூடியவை எவை? தப்பாகச் சாயமேறிய அந்த லாட்டை மறுசாயம் போட எவ்வளவு ஆனது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். “எனக்குக் கஷ்டமாக இருக்கிறது சார்” என்று பேச்சைத் தொடங்காதீர்கள். நோட்டை அவர் முன் வைத்து அந்த மறுசாயச் செலவிலிருந்து தொடங்குங்கள்.