மழைக்கு முன் கூரையைப் பார்ப்போம்

கடலூர் மாவட்டக் கடலோரக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் காலையில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி நனைந்து ஊறிய குறிப்பேட்டை என்னிடம் நீட்டினாள். மை கரைந்து ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. "பையைக்கூடப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா?" என்று எல்லார் முன்னும் கடிந்துகொண்டேன். அவள் தலையைக் குனிந்தபடி, "வீடு ஒழுவுது சார். பையை மாத்தி மாத்திதான் வெச்சேன்" என்றாள்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். பழைய கான்கிரீட் தொகுப்பு வீடு. மேல்தளத்தின் உட்புறம் பழுப்புக் கறை படர்ந்து, பூச்சு உப்பியிருந்தது. ஓரிடத்தில் துருவேறிய கம்பி வெளியே தெரிந்தது. அதற்கு நேர் கீழே அவளுடைய ஆயாவின் கட்டில். கட்டிலை எதிர்ச்சுவர் ஓரமாக நகர்த்தச் சொல்லிவிட்டு, தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் ஒரு கம்பால் இங்கும் அங்கும் தட்டிப் பார்த்தார். "செப்டம்பர்ல கூப்பிட்டிருந்தா ரெண்டு மூணு நாள் வேலை சார். இப்ப இந்த ஈரத்துல எதைப் பூசினாலும் பிடிக்காது. மழை விடட்டும்" என்றார்.

மழை விடவில்லை. பத்து நாள் கழித்து ஓர் இரவு, கட்டில் முன்பு கிடந்த இடத்திலேயே அந்தப் பூச்சு பெரிய துண்டாகப் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. அந்தக் கறையை அந்த வீட்டில் எல்லாரும் மூன்று ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது என்ன சொல்கிறது என்பதுதான் தெரியவில்லை. துருப்பிடித்தலை ஆண்டுதோறும் நடத்தும் நானும் அதைச் சொல்லித் தந்ததில்லை.

அடுத்த ஆண்டு தொடங்கிய பாடம் இது. இதுவரை கற்றதையும், நான் செய்த ஒரு தவற்றையும் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எப்போது நடத்துவது?

நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. ஆகவே இந்தப் பாடத்தைச் செப்டம்பர் முதல் வாரத்திலேயே நடத்திவிடுகிறேன். கொத்தனாரை அழைக்கவோ, ஓடு மாற்றவோ, கீற்று வாங்கவோ வீட்டாருக்குச் சில வாரங்கள் கிடைக்கும். காலாண்டு விடுமுறையும் இடையில் வருகிறது. ஐப்பசி பிறந்துவிட்டால் ஆளும் கிடைக்காது, பூச்சு காய வெயிலும் கிடைக்காது.

செயல்பாடு 1: மூன்று டம்ளர், மூன்று ஆணி

மூன்று கண்ணாடி டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் குழாய் நீர், ஒன்றில் உப்பு நீர், ஒன்றில் தெளிந்த சுண்ணாம்பு நீர். சுண்ணாம்பு நீரை முதல் நாளே ஆசிரியர் தயாரித்து, தெளிந்ததை மட்டும் வடித்து எடுக்க வேண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் மாணவர் கையில் கொடுக்கக் கூடாது. நன்கு தேய்த்த இரும்பு ஆணியை ஒவ்வொன்றிலும் போட்டு, சுண்ணாம்பு நீர் உள்ள டம்ளரை மட்டும் மூடி வையுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் கவனித்து எழுதச் சொல்லுங்கள்.

குழாய் நீரிலும் உப்பு நீரிலும் உள்ள ஆணிகள் துருப்பிடிக்கும். சுண்ணாம்பு நீரில் உள்ள ஆணி பளபளப்பாகவே இருக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் கதையும் இதுதான். கான்கிரீட் காரத்தன்மை உடையது. அந்தக் காரம் இருக்கும்வரை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் இருக்கும். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே புகுந்து காரத்தைக் குறைக்கிறது. கடலோரத்தில் உப்பும் சேர்ந்து அந்தப் படலத்தை உடைக்கிறது. பிறகு விரிசல் வழியே நீர் இறங்கினால் துரு தொடங்கிவிடும்.

"துருப்பிடிச்சா கம்பிதானே சார் தேயணும், பூச்சு ஏன் விழுது?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. துரு, அது உருவான இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். உள்ளே இடம் போதாமல் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. முதலில் கம்பியின் போக்கிலேயே விரிசல், பிறகு பழுப்புக் கறை, பிறகு உப்பல், கடைசியில் பெயர்ந்து விழுதல். இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதிவிட்டாலே பாதிப் பாடம் முடிந்தது. துருவை நீக்காமல் மேலே பூசி மறைத்தால் உள்ளே அதே வேலை தொடரும் என்பதும் மாணவர்களுக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது.

செயல்பாடு 2: மாடியில் எவ்வளவு எடை?

இது கணக்குப் பாடவேளைக்கு உரியது. 20 அடி நீளம், 15 அடி அகலம் கொண்ட மொட்டை மாடியின் பரப்பு 300 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 28 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர். 24 மணி நேரத்தில் 6.45 முதல் 11.55 சென்டிமீட்டர் வரை பெய்வதை வானிலைத் துறை கனமழை என்கிறது. நாம் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 28 × 100 = 2,800 லிட்டர். எடை 2,800 கிலோ.

நீர் இறங்கும் குழாய் வேப்பிலையால் அடைத்துக்கொண்டு, இந்த நீர் முழுவதும் கைப்பிடிச் சுவருக்குள் தேங்கினால், 50 கிலோ சிமெண்ட் மூட்டை 56-ஐ மாடியில் பரப்பி வைத்ததற்குச் சமம். இந்த விடை வந்ததும் வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். அடுத்த நாளே பல வீடுகளில் குழாய் வாய் சுத்தமாகிவிடுகிறது.

வீட்டுக்கான உற்றுநோக்கல் தாள்

வீட்டுப் பெரியவர் ஒருவருடன் சேர்ந்து நிரப்ப வேண்டிய தாள் இது.

கான்கிரீட் வீடு: உட்புறம் கறை, உப்பல், வெளியே தெரியும் கம்பி உண்டா? விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா? மாடியில் குழாய் வாய் அடைபட்டுள்ளதா? ஒரு வாளி நீர் ஊற்றினால் குழாயை நோக்கி ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா? சுவரில் அரச மரக் கன்று முளைத்திருக்கிறதா?

ஓட்டு வீடு: பகலில் உள்ளே நின்று மேலே பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அங்கெல்லாம் ஒழுகும். முகட்டு ஓடுகளை இணைத்த பூச்சு விட்டுப்போயிருக்கிறதா? கைமரத்தில் கரையான் மண் ஏறியிருக்கிறதா?

கீற்று வீடு: கீற்று மக்கியிருக்கிறதா? கட்டிய கயிறு இற்றுப்போயிருக்கிறதா? மின்கம்பி கூரையைத் தொட்டுக்கொண்டு போகிறதா?

ஷீட் வீடு: விரிசல் உண்டா? ஷீட்டைப் பிடித்திருக்கும் கொக்கிகள் இறுக்கமாக உள்ளனவா? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் மாவட்டத்தைத் தாக்கியபோது ஷீட்டுகள் பறந்ததைப் பெற்றோர்கள் இன்றும் நினைவு வைத்திருக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்விக்கு அவர்களே முன்வந்து விடை சொல்கிறார்கள்.

பாதுகாப்பு

தாளின் தலைப்பிலேயே இவற்றை அச்சிட்டுவிடுகிறேன். ஓடு, ஷீட், கீற்றுக் கூரைகளின் மேல் யாரும் ஏறக் கூடாது. கல்நார் ஷீட் கால் வைத்தால் உடைந்துவிடும். அதைச் சுரண்டவோ துளையிடவோ கூடாது, அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. மொட்டை மாடிக்கும் பெரியவருடன் மட்டுமே போக வேண்டும். உப்பிய பூச்சுக்குக் கீழே நிற்கவோ, குச்சியால் குத்தவோ கூடாது. கட்டிலை மட்டும் இடம் மாற்றிப் போடுங்கள். மின்விசிறி, சுவிட்ச் பலகை அருகே ஈரம் கண்டால் தொடாமல் பெரியவரிடம் சொல்லி மெயினை அணைக்கச் செய்ய வேண்டும். மாணவரின் வேலை பார்ப்பதும் சொல்வதும் மட்டுமே. சரிசெய்வது கொத்தனார், பொறியாளர் வேலை.

நான் செய்த தவறு

முதல் ஆண்டில் தாள்களைத் திரட்டி, வகுப்புச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினேன். பெயருக்கு நேரே பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் ஒரு மாணவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கீற்று வீட்டுப் பிள்ளை. தேடிப் போனபோது அவனுடைய அம்மா, "எல்லாரும் சிவப்பு வட்டம்னு கூப்பிடுறாங்களாம் சார்" என்றார். பச்சை வட்டம் பெற்ற இருவர் பொய்யாக நிரப்பியிருந்ததும் பின்னர் தெரிந்தது. நனைந்த குறிப்பேட்டுக்காக ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைத்தவன், அதையே வண்ணத்தில் மறுபடியும் செய்திருக்கிறேன்.

அட்டவணையை அன்றே கிழித்தேன். அதன்பின் வீட்டுத் தாள் வீட்டிலேயே இருக்கிறது. அது பெற்றோருக்கான தாள். மதிப்பெண்ணும் இல்லை, நான் கேட்டு வாங்குவதும் இல்லை. உதவி தேவைப்படும் பெற்றோர் அவர்களாகவே வந்து பேசுகிறார்கள். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து ஆராய்வது எங்கள் பள்ளிக் கட்டடத்தை. தலைமையாசிரியருடன் வகுப்பறை வகுப்பறையாகச் சென்று, தரையில் நின்று பார்த்துக் குறிக்கிறார்கள். அந்த அறிக்கை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கப்படுகிறது. ஓர் ஆண்டு, வராண்டாவின் ஓரத்தில் கம்பி தெரிந்த இடத்தை முதலில் கண்டவர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். பழுது பார்க்கும்வரை அந்தப் பக்கம் கயிறு கட்டி மறித்தோம்.

மதிப்பீடு

பள்ளி அறிக்கையையும், ஆணிச் சோதனைக் குறிப்பையும், ஒரே ஒரு வினாவையும் கொண்டு மதிப்பிடுகிறேன். "பழுப்புக் கறையைக் கண்ட பாட்டி, வெள்ளை அடித்தால் போதும் என்கிறார். அவருக்கு நீ எப்படி விளக்குவாய்?" இந்த விடையைப் பேச்சுவழக்கிலேயே எழுத அனுமதிக்கிறேன். வீட்டில் சொல்லப்போகும் மொழி அதுதானே.

மலைப்பகுதியிலோ நகரத்திலோ பணிபுரியும் ஆசிரியர்கள் தங்கள் ஊர்க் கூரைகளுக்கேற்பத் தாளை மாற்றிக்கொள்ளலாம். செலவு மூன்று ஆணி, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சுண்ணாம்பு. தேவை நான்கு பாடவேளை. வானம் தெளிவாக இருக்கும் செப்டம்பரிலேயே அதை ஒதுக்கிவிடுங்கள்.