டிரம்பெட் ஊதினால் பல் வலிக்கிறதா?

பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் உங்கள் பிள்ளை டிரம்பெட் ஊதுகிறான். ஆகஸ்ட் 15 நெருங்க நெருங்க தினமும் ஒத்திகை. ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "அம்மா, ஊதும்போது மட்டும் பல்லு வலிக்குது" என்கிறான். நாம் என்ன சொல்வோம்? "ரெண்டு கிராம்பை வாயில அடக்கிக்கோ, சரியாப் போயிடும்!" வலி போய்விடலாம். ஆனால் வலிக்குக் காரணமானது போயிற்றா? அதைத்தான் பார்க்க வேண்டும். கல்யாண பேண்டு செட்டில் ஊதிச் சம்பாதிக்கும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

ஊதும்போது என்ன நடக்கிறது?

டிரம்பெட்டின் வாய்ப்பகுதியை (மவுத்பீஸ்) உதட்டின் மேல் வைக்கிறோம். உதட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுப்பது மேலும் கீழும் உள்ள முன்பற்கள். பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி இறுகி நிற்பதில்லை. வேரைச் சுற்றி சுமார் கால் மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நார்ப்படலம் மெத்தை போல இருக்கிறது. அழுத்தத்தை உணர்வதும் வலியைச் சொல்வதும் அந்த மெத்தைதான்.

மேல் ஸ்தாயிக்குப் போகும்போது காற்று வேகமாகப் போக வேண்டும், உதட்டுத் தசை இறுக வேண்டும். தசைக்குப் பலம் போதாதவர்கள் கருவியை உதட்டோடு சேர்த்து அழுத்துகிறார்கள். பல் நல்லதாக இருந்தால் இதைக் கொஞ்சம் தாங்கும். உள்ளே ஏற்கெனவே கோளாறு இருந்தால் "ஐயோ" என்கிறது. அதாவது, பல நேரங்களில் டிரம்பெட் நோயை உண்டாக்குவதில்லை. ஒளிந்திருக்கும் நோயைக் காட்டிக் கொடுக்கிறது!

எந்த வலி, என்ன காரணம்?

1. உச்ச ஸ்வரத்தில் முன்பற்கள் எல்லாம் சேர்ந்து வலிக்கிறது, கருவியைக் கீழே வைத்த சிறிது நேரத்தில் அடங்குகிறது, உதட்டின் உள்பக்கம் பல் பதிந்த தடம் இருக்கிறது என்றால், அழுத்தி ஊதும் பழக்கம்தான் காரணம்.

2. வாயால் மூச்சை இழுக்கும்போது 'சுரீர்' என்கிறது, குளிர்ந்த தண்ணீரும் ஆகவில்லை என்றால், பல் கூச்சம். எனாமல் தேய்ந்திருக்கலாம், ஈறு இறங்கி வேர் வெளியே தெரியலாம்.

3. ஒரே ஒரு பல், தட்டினால் வலி, சூடான காபி பட்டால் விண் விண் என்று தெறிக்கிறது, ராத்திரி தூக்கம் போகிறது என்றால், சொத்தை நரம்பை எட்டியிருக்கலாம், வேரில் சீழ் கட்டியிருக்கலாம்.

4. மேல் கடைவாய்ப் பற்கள் பல ஒன்றாக வலிக்கின்றன, குனிந்தால் கன்னம் கனக்கிறது, மூக்கு அடைப்பும் உண்டு என்றால், சைனஸாக இருக்கலாம். அந்தப் பற்களின் வேர்கள் சைனஸ் அறைக்கு மிக அருகில் இருக்கின்றன.

5. பல் ஆடுகிறது, ஈறில் ரத்தம் வருகிறது என்றால், ஈறு நோய். சர்க்கரை நோய் இருக்கிறதா என்றும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதல் வகைக்கு மருந்து ஓய்வுதான். மூன்று நாலு நாள் கருவியைத் தொட வேண்டாம். பிறகு கீழ் ஸ்வரங்களில் தொடங்கி, ஊதிய நேரம் அளவுக்கு ஓய்வும் எடுத்து ஊதட்டும். கருவியின் மேல் வலது சுண்டுவிரலுக்கு ஒரு கொக்கி இருக்கிறதே, அதில் விரலை மாட்டி இழுத்துத்தான் பலரும் தங்களை அறியாமல் அழுத்துகிறார்கள். விரலைக் கொக்கிக்கு மேலே வைத்துப் பழகச் சொல்லுங்கள்.

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுத் தினம் இரண்டு மூன்று முறை கொப்பளிக்கலாம். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால், திரிபலா சூரணத்தையோ கருவேலம்பட்டையையோ கொதிக்க வைத்து வடிகட்டி, ஆறிய பிறகு கொப்பளிப்பது எங்கள் சித்த மருத்துவ வழக்கம். துவர்ப்பு ஈறை இறுக்கும். பெரியவர்கள் ஒரு கிராம்பை வலிக்கும் பல்லில் அடக்கிக்கொள்ளலாம். கிராம்பு எண்ணெயை அப்படியே ஈறில் ஊற்றாதீர்கள், வெந்துவிடும். குழந்தைகளுக்கு எண்ணெயே வேண்டாம். செங்கல் பொடி, கரித்தூள், புகையிலைப் பொடி எதுவும் பல்லுக்கு ஆகாது.

இதைச் செய்யவே கூடாது!

நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஊதுகிறவர்கள் உண்டு. வலி தெரியாததால் இன்னும் அழுத்துவார்கள். மூன்றாம் வகையாக இருந்தால், சீழ் உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். நான் சித்த மருத்துவன்தான். ஆனாலும் சொல்கிறேன், வேரில் கட்டிய சீழைக் கஷாயத்தால் வெளியே எடுக்க முடியாது. பல் டாக்டரிடம் வேர் சிகிச்சை செய்துகொள்ள வேண்டும், முடியாவிட்டால் பல்லை எடுக்க வேண்டும். முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமமானால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

போகும்போது, "டாக்டர், நான் டிரம்பெட் ஊதுறேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். பல் எடுத்த பிறகு அவசரப்பட்டு ஊதினால் குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். மறுபடி எப்போது ஊதலாம் என்று அவர் சொல்வார். பிள்ளைக்குப் பல் கிளிப் போட்டிருந்தால், உதடு கிழியாமல் மேலே ஒட்ட மெழுகு தருவார். தொழிலாக ஊதுகிறவர்கள், நன்றாக இருக்கும்போதே முன்பற்களுக்கு அச்சு எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நாளைக்கு ஒரு பல் போனாலும் அதே வடிவில் கட்டிக்கொள்ளலாம்.

அமெரிக்க டிரம்பெட் கலைஞர் செட் பேக்கர் 1966-இல் தாக்கப்பட்டுப் பற்களில் அடிபட்டார். பிறகு பொய்ப்பல் கட்டிக்கொண்டு, ஊதுவதையே புதிதாகப் பழக வேண்டியதாயிற்று. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். ஊதுகிறவர்களுக்குச் சொல்லோடு ஸ்வரமும் போய்விடும். எனவே ஒத்திகை நடக்கும் மாதத்தில் வாரம் ஒரு முறையாவது, "ஊதும்போது வலிக்குதாப்பா?" என்று கேளுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வலி நீடித்தால் தள்ளிப் போடாமல் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.