பாசியும் பழைய ஏரியும்

குளத்துப் படியில் வழுக்கி விழுந்தவன் பாசியை வைவான். அதனை உற்று நோக்குவாரோ மிகச் சிலர். திருவில்லிபுத்தூர்த் திருமுக்குளத்துப் படியிலேனும், இராசபாளையத்துக் கண்மாய் மடைக் கல்லிலேனும் படிந்துள்ள பழுப்பு நிற வழுவழுப்பைச் சுரண்டி, ஒரு துளி நீரிலிட்டு நுண்ணோக்கியிற் காண்மின். படகு போல்வனவும், ஊசி போல்வனவும், சக்கரம் போல்வனவுமாய நுண்ணுயிர்கள் ஆங்குத் தோன்றும். ஓரணுப் பாசிகளாகிய இவற்றை டயாட்டம் என்பர். இலக்கணமே கற்பித்து வந்த யான் இக்காட்சியைக் கண்டது ஓய்வு பெற்ற பின்னரே.

டயாட்டத்தின் ஓடு மணலிலுள்ள சிலிக்கா என்னும் பொருளால் ஆயது. செப்பும் மூடியும் போல இரு கூறாகப் பொருந்துவது. அதன்மேலுள்ள வரிகளும் துளைகளும் இனத்துக்கு இனம் வேறுபடும். பாசி மடிந்த பின்னரும் ஓடு எளிதில் அழியாமல் நீரடிச் சேற்றில் அடுக்கடுக்காகப் படியும். இச்செய்தியை உளங்கொள்க.

நம் கண்மாய்கள் மாந்தர் அமைத்தவை. மழையிற் பெருகிக் கோடையில் வெடித்துக் கிடப்பவை. ஓரினம் ஓரிடத்தே நெடுங்காலம் தங்கி வேறினமாகப் பிரிதற்கு அவை இடந்தாரா. சைபீரியாவிலுள்ள பைக்கால் ஏரியோ ஏறத்தாழ 250 இலட்சம் ஆண்டுப் பழமையும் 1,642 மீட்டர் ஆழமும் உடையது. வேறெங்கும் காணப்பெறாத டயாட்டங்கள் பல அதன்கண் வாழ்கின்றன.

இவ்வாறு இனங்கள் பல்கிய வரலாற்றை ஐரோப்பாவிலுள்ள ஓஹ்ரிட் ஏரி தெளிவாகக் காட்டிற்று. வடமாசிடோனியாவுக்கும் அல்பேனியாவுக்கும் இடையே கிடக்கும் அவ்வேரியின் அடியை 2013ஆம் ஆண்டில் அறிஞர் துளையிட்டு, 500 மீட்டருக்கு மேற்பட்ட ஆழம்வரை சேற்றுப் படிவுகளை எடுத்தனர். அவற்றுட் கிடந்த ஓடுகளைக் கொண்டு, அவ்வேரிக்கே உரிய 152 டயாட்டம் இனங்களின் வரலாற்றை ஆராய்ந்து 2020இல் வெளியிட்டனர். ஏரி தோன்றி ஏறத்தாழ 13.6 இலட்சம் ஆண்டுகள் ஆயின. தொடக்கத்தில் அஃது ஆழமற்றது, வெற்றிடங்கள் மிகுதி. ஆகவே புதிய இனங்கள் விரைந்து தோன்றின. ஆயினும் தட்பவெப்பம் சிறிது மாறினும் நீர்நிலை கலங்குமாதலின், தோன்றியவை விரைந்தே மறைந்தன. ஏரி ஆழமான பின்னர் நிலைமை மாறிற்று. வெளியே நேரும் மாற்றங்களை ஆழ்ந்த நீர் தாங்கிக் கொண்டது. மறைவும் குறைந்தது, பிறப்பும் குறைந்தது. பழைய ஏரி புதியனவற்றை ஓயாது ஈன்றுகொண்டே இருக்கும் என்று எண்ணுதல் பிழை; அது பெரிதும் இருப்பனவற்றைக் காத்து நிற்கிறது. ஆதலின் இன்று அங்கே ஓரினம் அழியுமாயின், அதற்கு ஈடாக மற்றொன்று விரைவில் தோன்றும் என்று நம்புவதற்கில்லை.

அத்தகைய ஏரி நம்மிடம் இல்லையே என வருந்தற்க. ஏரிக்கு ஆழம் போல, நம் ஓடைகளுக்கு மலை உண்டு. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தெளிந்த ஆற்றொன்றில், அதுவரை அறியப்படாத டயாட்டம் பேரினம் ஒன்றைப் புனே நகரத்து ஆகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தார் கண்டு, 'இண்டிகோனீமா' எனப் பெயரிட்டனர். 2024இல் இச்செய்தி வெளியாயிற்று. அப்பேரினத்தைச் சேர்ந்த மற்றோரினம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உளது. செண்பகத்தோப்பு ஓடையும், இராசபாளையத்து அய்யனார் அருவியும் அம்மேற்கு மலையினின்றே இழிகின்றன. அருவிக்குச் செல்லும் மாணவர், குளித்தபின் அங்குள்ள கல்லொன்றைப் புரட்டிப் பார்த்து, அதனை இருந்தவாறே வைத்து வருக.