ரிப்பீட்டர் தேடுறியா? நம்பரை மட்டும் நம்பாதே!

பார்க்ஃபீல்டு டேட்டாவை இறக்கி வச்சுட்டியா? நல்லது. கலிஃபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு மேல இருக்கிற அந்தச் சின்ன ஊருக்கு அடியில், பிளவோட அதே துண்டு வருஷக்கணக்கா மறுபடி மறுபடி வழுக்குது. அலையும் அச்சு அசலா அப்படியே பதிவாகுது. இப்படித் திரும்பத் திரும்ப வர்ற நிலநடுக்கம்தான் ரிப்பீட்டர். ஸ்கிரிப்டை ஓட விடுறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுக்கோ.

1. எல்லாத்தையும் நீயே எழுதி நேரத்தை வீணாக்காதே. பைதான்ல ஆப்ஸ்பை இருக்கு. எரிமலை டேட்டான்னா ரெட்பை இருக்கு.

2. எல்லாரையும் எல்லாரோடவும் ஒப்பிடாதே. ஆயிரம் நிலநடுக்கத்துக்கே 4,99,500 ஜோடி! பக்கத்துப் பக்கத்துல நடந்ததை மட்டும் ஜோடி சேர்.

3. ரெண்டு அலையோட ஒப்புமை எண் 0.95 தாண்டிடுச்சுன்னு துள்ளாதே. இங்கதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுறாங்க. தாழ்ந்த அதிர்வெண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை வடிகட்டினா, தள்ளி நடந்ததும் ஒண்ணு போலத் தெரியும். பி அலையை மட்டும் வெட்டி எடுக்கறதும் தப்பு, எஸ் அலையும் உள்ளே வரணும். ரெண்டு பதிவையும் பி அலையில் பொருத்திட்டு எஸ் அலையைப் பார். ஒரு செகண்டில் நூறில் ஒரு பங்கு தள்ளி நின்னாலே, ஸ்டேஷனிலிருந்து தூரம் ஏறக்குறைய 80 மீட்டர் மாறிடுச்சு. அளவு 2 நிலநடுக்கத்தில் வழுக்குற பகுதியோட அகலமே சுமார் 100 மீட்டர்தான். அப்போ அது அநேகமா பக்கத்து வீட்டுக்காரன். 100 ஹெர்ட்ஸ் டேட்டாவில் அந்த வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. அதனால புள்ளிகளுக்கு இடையிலும் கணக்குப் போடு.

4. சென்சார் மாத்தின தேதியைக் குறிச்சு வை. அது தெரியாம ஒப்பிட்டா, நிஜ ஜோடியே பிரிஞ்சு போகும்.

5. நேரத்தை உள்ளூர் நேரமா மாத்திப் பார். பகல்ல மட்டுமே வருதுன்னா, கல்குவாரி வெடியான்னு முதல்ல விசாரி.

6. இடைவெளி திடீர்னு குறைஞ்சா பிழைன்னு அழிச்சுடாதே. ஜப்பானில் கமாயிஷி கடலடியில், அளவு 4.8-ஐ ஒட்டின நிலநடுக்கம் சுமார் ஐந்தரை வருஷத்துக்கு ஒண்ணு வந்துட்டிருந்தது. 2011 மார்ச் பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு அடுத்தடுத்து வந்தது, அளவும் கூடிச்சு. சுத்துப்பட்டுப் பிளவு வேகமா நகர்ந்ததை அந்த மாற்றம் காட்டிக் கொடுத்துச்சு. ஆனா இடைவெளி நீண்டா, அந்த நாட்களில் ஸ்டேஷன் ஓடிச்சான்னு பார்த்துக்கோ.

பட்டியலை யாருக்கும் அனுப்புறதுக்கு முன்னாடி, ஒரே இடத்துல வழுக்கின ஒவ்வொரு நிலநடுக்கக் குடும்பத்து அலைகளையும் ஒண்ணு மேல ஒண்ணா வரைஞ்சு உன் கண்ணால பார்த்துடு, தங்கம். அந்த வேலையை ஸ்கிரிப்ட் தலையில கட்டாதே.