கெட்டித் தோல் வயரை எப்படிச் சீவுறது?

போன எபிசோடுல ஸ்கூல் ரோபாட்டிக்ஸ் டீம்களைப் பத்திப் பேசினோம் இல்லையா, அதைக் கேட்டுட்டு டெக்ஸாஸிலிருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தான். "அண்ணா, எங்க ரோபோல சென்சார் வயர் எப்பவும் ஒரே இடத்துலதான் உடையுது. தோல் முடிஞ்சு செம்பு ஆரம்பிக்கிற இடம். வயர் மட்டமா?"

கூடவே ஒரு போட்டோ. வெள்ளை டெஃப்லான் வயர், பக்கத்துல சாதாரண ஸ்ட்ரிப்பர். வயர் மட்டமில்லை தம்பி, ரொம்ப நல்ல வயர். அதுதான் பிரச்சினையே. இதை ஆடியோவில் சொன்னா புரியாது, அதனால இந்த வாரம் எழுத்துல.

முதலில் ஏன் அங்கேயே உடையுதுன்னு பார்ப்போம். 22 கேஜ் டெஃப்லான் வயரில் பெரும்பாலும் 19 இழைகள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 0.16 மில்லிமீட்டர், தலைமுடியைவிடக் கொஞ்சம் மொத்தம்னு வெச்சுக்கலாம். பிளேடு அதில் ஒரு சின்னக் கீறல் போட்டா போதும். வயர் அசையும்போதெல்லாம் வளைவின் அழுத்தம் முழுக்க அந்தக் கீறலில் வந்து குவியும். முதலில் ஒரு இழை போகும். அதோட பாரத்தையும் பக்கத்து இழைகள் சுமக்கும், அப்புறம் அதில் ஒன்று போகும். மொத்தம் அறுகிற வரைக்கும் மீட்டரில் எல்லாம் சரியாகத்தான் காட்டும். 19-ல் 2 இழை போனா கரண்ட் கடத்துறது 10 சதவீதம் குறையுது, சென்சாருக்கு அது ஒரு விஷயமே இல்லை. அதிர்வுதான் விஷயம். மோட்டார் ஓடுற ரோபோவில் அதிர்வுக்கா பஞ்சம்?

விமானம் பராமரிக்கிறவங்களுக்கு அமெரிக்காவின் எஃப்ஏஏ ஒரு அட்டவணையே வெச்சிருக்கு. 19 இழை செம்பு வயரில் கீறல் விழுந்த இழை 2 வரை பரவாயில்லை, அறுந்த இழை ஒன்றுகூட இருக்கக் கூடாது. நம்ம ரோபோ பறக்கப் போறதில்லைதான். ஆனாலும் இதே கணக்கை வெச்சுக்கிட்டா நல்லது.

சரி, இந்தத் தோல் ஏன் இவ்வளவு அடம் பிடிக்குது? அடம் பிடிக்கணும்னே செஞ்சது அது. நியூஜெர்சிக்காரங்க கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். 1938 ஏப்ரல் 6-ஆம் தேதி, டீப்வாட்டரில் இருந்த டூபாண்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் ஒரு கேஸ் சிலிண்டரைத் திறந்தார், கேஸ் வரவில்லை. எடை மட்டும் குறையவே இல்லை. சிலிண்டரை அறுத்துப் பார்த்தால் உள்ளே வழவழன்னு வெள்ளைப் பொடி. அதுதான் டெஃப்லான். பே ஏரியா பக்கம், 1957-ல் பால் குக் தொடங்கிய ரேகெம் கம்பெனி, பிளாஸ்டிக் மேல கதிர்வீச்சைப் பாய்ச்சி அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்ன வைத்தது. அப்படிப் பின்னின தோல் சூட்டில் உருகி ஓடாது.

இவ்வளவு மெனக்கெடல் எதுக்குன்னா, தோலில் ஒரு ஓட்டை விழுந்தா என்ன ஆகும்னு பாருங்க. 1999 ஜூலை 23, கொலம்பியா விண்கலம் கிளம்பி சுமார் 5 விநாடியில் ஒரு ஷார்ட் சர்க்யூட். மூன்று எஞ்சின்களில் இரண்டுக்கு, தலா ஒரு கன்ட்ரோலர் அணைந்தது. மாற்றுக் கன்ட்ரோலர்கள் கைகொடுத்ததால் பயணம் தொடர்ந்தது. தரையிறங்கின பிறகு பார்த்தால், ஒரு ஸ்க்ரூ தலையின் பிசிறு உரசி உரசி, கேப்டன் என்கிற மெல்லிய பாலிஇமைடு தோல் தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. எல்லா ஷட்டில்களையும் நிறுத்தி வைத்து வயர் வயராகத் தேடினார்கள். அன்றைக்கு அந்தக் கலத்தில் போனது சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி. ஆமா, சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படிச்ச நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் பெயர் வெச்சதுதான். இன்றைக்கும் வேலை செய்யுது.

இப்போ கைவேலை. சாதாரண பிவிசி வயரில் நாம என்ன செய்றோம்? ஸ்ட்ரிப்பரை அழுத்தி, சுத்தி, இழுக்கிறோம். பிவிசி மெத்துனு இருக்கிறதால பிளேடு செம்பைத் தொடும் முன்னாடியே தோல் கிழிஞ்சு வந்துடும். டெஃப்லான் கிழியாது, வழுக்கும். வழுக்குதேன்னு இன்னும் அழுத்துவோம், அந்த அழுத்தம் நேரா செம்புக்குப் போயிடும். பல்லால கடிச்சு இழுக்கிறவங்களும் உண்டு. அவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணுமில்லை, உங்க டென்டிஸ்ட் சொல்லுவார்.

ஒவ்வொரு கேஜுக்கும் அளவான வட்ட ஓட்டை இருக்கிற ஸ்ட்ரிப்பர் வாங்குங்க. வி வடிவ வெட்டு உள்ளது வேண்டாம், அது இரண்டு பக்கமும் இழையைக் கடிக்கும். தானே அளவு பிடிக்கும் ஸ்ட்ரிப்பரும் இந்த வழுக்கலில் திணறும். வயர் 22 கேஜா? முதலில் ஒரு அளவு பெரிய ஓட்டையில், அதாவது 20-ல் போட்டுப் பாருங்க. வரலைன்னா மட்டும் இறங்குங்க. வெட்டின பிறகு வயரைச் சுத்தாதீங்க. நேரா இழுங்க. தோல் கழண்டு வரும்போது மட்டும் இழைகள் முறுக்கியிருக்கிற திசையிலேயே மெல்லத் திருப்பினா அவை பிரியாம வரும்.

கேப்டனுக்கும் கதிர்வீச்சு பாய்ச்சின தோலுக்கும் வேற வழி. சுத்தி ஒரு கோடு மட்டும் போடுங்க, தோலின் முக்கால் ஆழத்துக்கு. முழுசா வெட்டாதீங்க. அந்தக் கோட்டில் மெல்ல முன்னும் பின்னும் மடக்கினா மிச்சம் தானா விரியும். பிளேடு செம்பைப் பார்க்கவே தேவையில்லை. எனக்குப் பிடிச்ச முறை இதுதான். ஆனா டெஃப்லானில் எடுபடாது, அது மடங்குமே தவிர விரியாது.

டெஃப்லானுக்கு நல்ல வழி சூடு. சூடான இரண்டு முனைகளால் தோலைப் பிடிக்கும் தெர்மல் ஸ்ட்ரிப்பர் இருக்கு. பிளேடு அழுத்தம் இல்லாததால இழையில் கீறல் விழ வாய்ப்பு ரொம்பக் குறைவு. விலைதான் அதிகம், உங்க டீமுக்கு ஸ்பான்சர் இருந்தா கேட்டு வாங்குங்க. டெஃப்லான் உருகுறது 327 டிகிரி செல்சியஸில். அதைத் தாண்டிச் சூடாக்கினா வர்ற புகை காய்ச்சல் மாதிரி ஒரு உபாதையைக் கொண்டுவரும், வீட்டில் கிளி, லவ் பேர்ட்ஸ் இருந்தா அவை செத்தே போகும். எக்ஸாஸ்ட் ஃபேன் கீழ செய்யுங்க, இல்லைன்னா செய்யாதீங்க. லைட்டர் நெருப்பு வேண்டவே வேண்டாம். தோல் கருகி இழையில் ஒட்டும், அதுல சால்டர் ஒட்டாது.

டிரோன் ஓட்டுறவங்களுக்கு ஒரு வரி: சிலிகான் தோல் நேர் எதிர், இழுத்தா ரப்பர் மாதிரி நீளும். கூரான பிளேடால் சுத்தி வெட்டிட்டு விரல் நகத்தால தள்ளினாலே வந்துடும்.

எந்த முறையா இருந்தாலும், நிஜ வேலைக்கு முன்னாடி அதே ரோலில் ஒரு துண்டு வெட்டிச் சோதிங்க. உரிச்சு எடுத்த தோல் குழாய்க்குள்ள எட்டிப் பாருங்க, அறுந்த இழை அதுலதான் ஒளிஞ்சிருக்கும். இழைகளைப் பிரிச்சு எண்ணுங்க. 10 மடங்கு லென்ஸில் பாருங்க. வெள்ளி பூசின இழையில் சிவப்பா ஒரு கோடு தெரிஞ்சா பூச்சு போயாச்சு, அந்த இடம் பின்னால அரிக்கும். கடைசியா தோலின் விளிம்பில் பிடிச்சு பத்து முறை மடக்குங்க. சரியா அந்த விளிம்பிலேயே பட்டுனு உடைஞ்சா, பிளேடு ஏற்கனவே கடிச்சிருக்கு. ஓட்டையை மாத்துங்க.

இதெல்லாம் செம்புக்கு. அலுமினிய வயருக்கு அதே எஃப்ஏஏ அட்டவணை ஒரு கீறலைக்கூட ஒத்துக்கிறதில்லை. 1960களின் பிற்பகுதி, 70களின் தொடக்கத்தில் கட்டின அமெரிக்க வீடுகள் சிலவற்றில் சுவருக்குள்ள அலுமினிய வயர் ஓடுது. அப்பா அம்மா அப்படி ஒரு பழைய வீடு வாங்கியிருந்தா, ஸ்விட்ச் மாத்துறேன்னு ஸ்ட்ரிப்பரோட கிளம்பாதீங்க, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்க.