ஜாரியாவின் அடிநெருப்பு

ரயில்வேப் பொறியாளனாக இருந்தவன் நான். தண்டவாளத்தைவிட, அதைத் தாங்கும் மண்ணைத்தான் முதலில் பார்ப்பேன்.

தன்பாத் அருகே உள்ள ஜாரியா, எஃகு ஆலைகளுக்கான கோக் நிலக்கரி கிடைக்கும் பூமி. கூலி, கடை, ரயில் எல்லாமே அங்கு சுரங்கத்தால் வந்தவை. ஆனால் தோண்டிய இடத்தில் காற்றுப் புகுந்தால், மிஞ்சிய கரி தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும்; அது சாம்பலானதும் மேலுள்ள நிலம் உள்வாங்கும். அங்கு 1916 முதலே நெருப்பு உண்டு. அதனால் 2017இல் தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதையையே மூடினார்கள், 2019இல்தான் திறந்தார்கள்.

2009ஆம் ஆண்டுத் திட்டப்படி பல குடும்பங்களைப் பெல்கரியாவில் குடியமர்த்தினர். வீடு கிடைத்தது, பிழைப்போ சுரங்கத்தருகிலேயே நின்றுவிட்டது.

வெட்டிய குழியை மணலிட்டு நிரப்புவது வீண்செலவன்று; மண்ணுக்குத் தீர்க்கும் கடன். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைப்போம்.